ஜார்ஜியாவுல ஓட்டுப் போடறவங்களுக்கு: எஸ்பி 202 சட்டம் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

எலெக்ஷன் வருதுன்னாலே ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசல்ல, பிள்ளைங்க கிளாஸ் முடியற வரைக்கும் நிக்கிற கூட்டத்துல இதே கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வருது. போன தடவை ஒரு அண்ணன் "வாரா வாரம் இதையே சொல்லிட்டு இருக்கியே, ஒரு இடத்துல எழுதி வச்சுடேன்பா"ன்னார், எழுதிட்டேன். நான் வக்கீல் இல்ல, கம்ப்யூட்டர் வேலைதான். சிட்டிசன் ஆனதுல இருந்து அட்லாண்டாவுக்கு வடக்கால ஒரு கௌண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு எலெக்ஷன் விடாம ஓட்டுப் போட்டுட்டு வர்றேன், அந்த அனுபவமும் படிச்சதும்தான் இது.

எஸ்பி 202-ன்னு சொல்றாங்களே, அது என்ன சட்டம்?

எஸ்பின்னா செனட் பில், ஜார்ஜியா சட்டசபை 2021 மார்ச் 25 அன்னிக்கு பாஸ் பண்ணினது. ரெண்டு சபையும் ஓகே சொல்லி அன்னிக்கு சாயங்காலமே கவர்னர் பிரையன் கெம்ப் கையெழுத்தும் போட்டுட்டார், அவ்ளோ வேகம். 98 பக்கம். பேரு தேர்தல் நேர்மைச் சட்டம். தபால் ஓட்டுக்கு ஐடி நம்பர், டிராப் பாக்ஸ் (தபால் ஓட்டுக் கவரை நேர்ல கொண்டு போய் போடற பெட்டி) எத்தனை எங்க வைக்கலாம், ஏர்லி வோட்டிங் (எலெக்ஷனுக்கு முன்னாடியே நேர்ல போய் போடறது) நாட்கள், க்யூவுல நிக்கிறவங்களுக்குத் தண்ணி, ரன்ஆஃப் (யாருக்கும் பாதிக்கு மேல ஓட்டு வரலன்னா முதல் ரெண்டு பேருக்கு நடக்கற ரெண்டாவது சுத்து) தேதி, ஸ்டேட் எலெக்ஷன் போர்டுல யாரு உக்காரணும்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க.

ஒரு ஸ்டேட் தன் இஷ்டத்துக்கு எலெக்ஷன் ரூல்ஸ் மாத்த முடியுமா? இங்க எலெக்ஷன் கமிஷன் இல்லையா?

நம்ம ஊர் மாதிரி டெல்லில உக்காந்துக்கிட்டு நாடு முழுக்க எலெக்ஷன் நடத்துற கமிஷன் இங்க கிடையாது. ஃபெடரல் எலெக்ஷன் கமிஷன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது பிரச்சாரப் பணத்துக்குக் கணக்கு பாக்கற ஆபீஸ், பூத் பக்கமே வராது. எப்ப, எங்க, எப்படி எலெக்ஷன் நடத்தணும்ங்கறதை அரசியல் சட்டம் மாநில சட்டசபை கையில குடுத்திருக்கு, வேணும்னா காங்கிரஸ், அதாவது இங்கத்த நாடாளுமன்றம், அதை மாத்தலாம். ஜார்ஜியாவுல அதை நடைமுறையில செய்யறது 159 கௌண்டி, ஒவ்வொண்ணும் தனித்தனி ஆபீஸ்.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். 1965 வாக்குரிமைச் சட்டப்படி, கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாம தடுத்த சரித்திரம் இருக்கற ஸ்டேட்டுங்க தேர்தல் விதியில ஒரு புள்ளியை மாத்தினாக்கூட முன்கூட்டியே வாஷிங்டன்ல அனுமதி வாங்கணும். ஜார்ஜியா அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. 2013-ல சுப்ரீம் கோர்ட், ஷெல்பி கௌண்டி கேஸ்ல, எந்த ஸ்டேட்டெல்லாம் அந்த லிஸ்ட்ல வரும்னு முடிவு பண்ற கணக்கே செல்லாதுன்னுடுச்சு. அதனால 2021-ல இவங்க யார்கிட்டயும் கேக்க வேண்டி வரல.

2020 ஜனாதிபதி எலெக்ஷன்ல நிஜமாவே கள்ள ஓட்டு நடந்துச்சா? அதனாலதானே இந்தச் சட்டம்?

இந்தக் கேள்வியிலதான் வாசல்ல சண்டையே வரும், அதனால நடந்ததை மட்டும் வரிசையா சொல்றேன். கிட்டத்தட்ட 50 லட்சம் ஓட்டு விழுந்துச்சு, பைடன் 11,779 ஓட்டுல ஜெயிச்சார். மூணு தடவை எண்ணினாங்க, அதுல ஒரு தடவை முழுசா கையாலயே, மூணுலயும் ரிசல்ட் மாறல. கையால எண்ணும்போது ஃப்ளாய்ட் கௌண்டியில சுமார் 2,600 ஓட்டு கணக்குலயே வராம கிடந்தது தெரிஞ்சுது. அது திருட்டு இல்ல, ஸ்கேன் பண்ண விட்டுப்போனது. அதைச் சேர்த்ததுல டிரம்ப்புக்குத்தான் கொஞ்சம் ஓட்டு கூடிச்சு.

அப்புறம் காப் கௌண்டியில தபால் ஓட்டுக் கவர் மேல இருக்கற கையெழுத்தை ஸ்டேட் போலீஸ் புலனாய்வுத் துறை ஆளுங்களே உக்காந்து 15,118 கவர் பாத்தாங்க. கள்ள ஓட்டு ஒண்ணுகூட இல்ல. தப்பா ஏத்துக்கிட்டது ரெண்டே ரெண்டு, ஒண்ணுல புருஷன் கவர்ல பொண்டாட்டி கையெழுத்து, இன்னொண்ணுல கையெழுத்து போட்ட இடம் தப்பு. செத்தவங்க பேர்ல ஆயிரக்கணக்குல ஓட்டுன்னு சொன்னாங்க, கடைசியில விசாரிச்சு உறுதியானது 4, அதுவும் வீட்டுக்காரங்களே அனுப்பினது. ஓட்டுப் போட முடியாம செத்துப்போன புருஷனோட கவரை அப்படியே நிரப்பி அனுப்பற கிழவியை நினைச்சா எனக்குக் கோவம் வரல, ஆனா சட்டப்படி குத்தம்தான்.

இதுக்கு நடுவுல 2021 ஜனவரி 2-ஆம் தேதி டிரம்ப், ஜார்ஜியாவுல எலெக்ஷனைக் கவனிக்கற ஸ்டேட் செக்ரட்டரி பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்கு ஒரு மணி நேரம் போன் பண்ணி 11,780 ஓட்டு கண்டுபிடிச்சுக் குடுன்னு கேட்ட ஆடியோ ஊருக்கே தெரியும். ராஃபென்ஸ்பெர்கரும் ரிபப்ளிகன்தான், முடியாதுன்னுட்டார். மூணு மாசத்துக்குள்ள வந்த எஸ்பி 202, அவரை ஸ்டேட் எலெக்ஷன் போர்டு தலைவர் பதவியில இருந்து எடுத்துட்டு, தலைவரை சட்டசபையே தேர்ந்தெடுக்கும்னு எழுதுச்சு. கள்ள ஓட்டைத் தடுக்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது விளக்கினா கேட்டுக்கறேன்.

அப்ப மெஷினை யாரும் தொடவே இல்லையா?

தொட்டாங்க! காஃபி கௌண்டின்னு தெக்க ஒரு சின்ன கௌண்டி. 2021 ஜனவரி 7, கள்ள ஓட்டைக் கண்டுபிடிக்கறோம்னு கிளம்பின கோஷ்டி அந்த எலெக்ஷன் ஆபீசுக்குள்ள போயி ஓட்டு மெஷினோட சாஃப்ட்வேரையும் டேட்டாவையும் காப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. கதவை உடைக்கல, உள்ள இருந்தவங்களே திறந்து விட்டாங்க. டிரம்ப் பக்கம் வாதாடின வக்கீல் சிட்னி பாவெல் 2023 அக்டோபர்ல இந்த விஷயத்துல 6 குத்தத்தை ஒப்புக்கிட்டாங்க. என்னைக் கேட்டா ஜார்ஜியாவுல தேர்தல் பாதுகாப்புன்னு பேசினா முதல்ல பேச வேண்டியது இதைத்தான், ஏன்னா ஆபீஸ் உள்ளயே ஆள் இருந்தா தபால் கவர்ல எத்தனை நம்பர் எழுத வச்சாலும் பிரயோஜனம் இல்ல. ஆனா வாசல்ல இதை யாரும் கேக்கறதே இல்ல.

தபால் ஓட்டுக்கு இப்ப என்னென்ன வேணும்?

முன்னாடி கையெழுத்தை ஒப்பிட்டுப் பாப்பாங்க. இப்ப டிரைவர் லைசென்ஸ் நம்பரோ ஸ்டேட் ஐடி நம்பரோ எழுதணும். ரெண்டும் இல்லாதவங்க அப்ளிகேஷனோட கரெண்ட் பில், பேங்க் ஸ்டேட்மெண்ட் மாதிரி ஏதாவது காப்பி வைக்கணும். நேர்மையா சொல்லணும்னா இந்த மாத்தம் எனக்குப் பிடிச்சிருக்கு, நம்ம கையெழுத்து பத்து வருஷத்துல எப்படியெல்லாம் மாறுது, கிளார்க் ஒருத்தர் கண்ணால பாத்து ஒத்துப்போகுது போகலன்னு சொல்றதைவிட நம்பர் எவ்வளவோ மேல்.

தலைவலி தேதிலதான். அப்ளிகேஷனை எலெக்ஷனுக்கு 78 நாளைக்கு முன்னாடி இருந்து 11 நாளைக்கு முன்னாடி வரைக்கும்தான் வாங்குவாங்க, முன்னாடி 180 நாள் டைம் இருந்துச்சு. அப்ளிகேஷன்ல பேனாவால கையெழுத்து போடணும், அதனால வீட்டுல பிரிண்டர் இல்லாத பசங்க லைப்ரரிக்கு ஓடி பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு போட்டோ புடிச்சு ஏத்தறாங்க, 2021-ல இதென்ன கூத்துன்னு தோணுச்சு. பேலட் திரும்பி எலெக்ஷன் அன்னிக்கு ராத்திரி 7 மணிக்குள்ள கௌண்டி ஆபீசுக்கு வந்து சேரணும், போஸ்ட்மார்க் தேதியெல்லாம் செல்லாது.

எங்க வீட்டுக் கதை ஒண்ணு. 2022-ல என் மனைவி தபால்ல போட்டாங்க. கவர்ல பொறந்த தேதி எழுதற கட்டத்துல அன்னிக்குத் தேதியை எழுதிட்டாங்க, கையெழுத்துக்குப் பக்கத்துல தேதின்னு பாத்தா நம்ம கை தன்னால இன்னிக்குத் தேதியத்தான் எழுதும். நாலு நாள் கழிச்சு கௌண்டில இருந்து லெட்டர், உங்க ஓட்டு நிறுத்தி வச்சிருக்கு, சரி பண்ணுங்கன்னு. போன் பண்ணா ஒரு அம்மா "இன்னிக்கு மட்டும் எட்டாவது ஆள் நீங்க"ன்னாங்க. ஃபார்ம் ஒண்ணும் லைசென்ஸ் காப்பியும் குடுத்தப்புறம் எண்ணிட்டாங்க, வெப்சைட்டுல 'ஏற்கப்பட்டது'ன்னு வர்ற வரைக்கும் வீட்டுல நிம்மதி இல்ல. 2023 ஆகஸ்ட்ல ஃபெடரல் ஜட்ஜ் ஜே.பி. பூலி, பொறந்த தேதி தப்புங்கறதுக்காக ஓட்டைத் தள்ளக்கூடாதுன்னு தடை போட்டார், அந்த ஆள் ஓட்டுப் போடத் தகுதியானவரான்னு பாக்க அந்தத் தேதி அவசியமே இல்லைங்கறது காரணம், 1964 சிவில் உரிமைச் சட்டத்துலயே அந்த விதி இருக்கு. அதுக்காக கட்டத்தைக் காலியா விடாதீங்க, ஒழுங்கா எழுதிருங்க. ஏதாவது தப்பாயிருந்தா எலெக்ஷன் முடிஞ்சு 3 நாளைக்குள்ள சரி பண்ண டைம் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் கவரை நான் கொண்டுபோய் போடலாமா?

கூடாது. குடும்பத்துல இருக்கறவங்க, ஒரே வீட்டுல இருக்கறவங்க, மாற்றுத் திறனாளிகளைப் பாத்துக்கறவங்க மட்டும்தான் கொண்டு போகலாம். உதவின்னு நினைச்சு நாலு வீட்டுக் கவரை வாங்கிட்டுப் போயிறாதீங்க.

டிராப் பாக்ஸ் எல்லாம் எங்க போச்சு?

2020-ல கொரோனாவுக்காக அவசர விதி போட்டு வச்சதுதான் டிராப் பாக்ஸ், அதுக்கு முன்னாடி ஜார்ஜியாவுல கிடையாது. அதனால "ஒழிச்சுட்டாங்க"ன்னு சொல்றது முழு உண்மை இல்ல, எஸ்பி 202 ஒவ்வொரு கௌண்டியிலயும் ஒண்ணாவது வச்சே ஆகணும்னு கட்டாயம் ஆக்குச்சு. ஆனா ஒரு லட்சம் வாக்காளருக்கு ஒண்ணுன்னு உச்சவரம்பும் போட்டுடுச்சு. ஃபுல்டன், காப், டிகால்ப், க்வின்னெட் நாலு கௌண்டிலயும் சேர்த்து 94 இருந்தது 23-க்குள்ள சுருங்கிச்சு. அந்த நாலும் பெரும்பாலும் டெமாக்ரட் கட்சிக்கு ஓட்டுப் போடற கௌண்டிங்க, மீதியை நீங்களே புரிஞ்சுக்கலாம். அதோட பெட்டி ஏர்லி வோட்டிங் நடக்கற கட்டடத்துக்குள்ள, அது திறந்திருக்கற நேரம் மட்டும்தான் இருக்கணும். ராத்திரி 10 மணிக்கு ஷிஃப்ட் முடிச்சு வர்றவனுக்குத்தான் டிராப் பாக்ஸே உபயோகம், பகல்ல வர முடிஞ்சவன் உள்ள போயி ஓட்டே போட்டுட்டு வந்துருவானே.

க்யூவுல நிக்கறவங்களுக்குத் தண்ணி குடுத்தா கேஸ் போடுவாங்களாமே?

பூத் கட்டடத்துல இருந்து 150 அடிக்குள்ள வெளி ஆளுங்க தண்ணி, சாப்பாடு குடுக்கக் கூடாது, குடுத்தா குத்தம். தண்ணி டிரம் வச்சு அவங்கவங்களே புடிச்சுக்கற மாதிரி பூத் அதிகாரிங்க வைக்கலாம். க்யூ எவ்வளவு தூரம் நீண்டாலும் நிக்கிற ஆளுக்கு 25 அடிக்குள்ள போகக்கூடாதுன்னு இன்னொரு விதியும் இருந்துச்சு, 150 அடிக்கு வெளியில அதைச் செயல்படுத்தக் கூடாதுன்னு பூலி 2023-ல தடுத்துட்டார். அன்னதானம் பண்ணிப் பழகின நம்ம ஆளுங்களுக்கு இது விசித்திரமாத்தான் இருக்கும், ஆனா ஓட்டுக்கு பிரியாணியும் டோக்கனும் பாத்தவங்களும் நாமதான், அந்தப் பயம் எங்க இருந்து வருதுன்னு நமக்குப் புரியாம இல்ல. இங்க என் கேள்வி வேற. 2020 ஜூன்ல அட்லாண்டாவுல மணிக்கணக்கா ஜனங்க நின்னாங்களே, அந்த க்யூவைக் குறைச்சுட்டா தண்ணிக்கே வேலை இல்லையே.

நேர்ல போய் போடறதுதான் சுலபமா?

என்னோட ஓட்டு ஏர்லி வோட்டிங்குக்குத்தான். எலெக்ஷன் அன்னிக்கு உங்க பூத்துக்கு மட்டும்தான் போகணும், ஏர்லின்னா கௌண்டிக்குள்ள எந்த சென்டரும் ஓகே. எஸ்பி 202 ரெண்டு சனிக்கிழமையைக் கட்டாயம் ஆக்கினது நல்ல விஷயம், முன்னாடி ஒண்ணுதான் கட்டாயம். ஞாயித்துக்கிழமை கௌண்டி விருப்பம்.

உள்ள போனா லைசென்ஸைக் குடுக்கணும், டேப்லெட்ல ஸ்கேன் பண்ணி அட்ரஸ் சரியான்னு கேப்பாங்க, திரையில விரலால கையெழுத்து, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கார்டு. அதைப் பெரிய டச் ஸ்க்ரீன்ல சொருகி எல்லாம் தட்டி முடிச்சதும் பக்கத்துல பிரிண்டர்ல இருந்து ஒரு பேப்பர் வரும். அந்தப் பேப்பரைப் படிங்க. நான் பாத்த வரைக்கும் பத்துல எட்டு பேர் படிக்காம ஸ்கேனர்ல விட்டுட்டுப் போறாங்க. அதுல நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு எழுத்துல இருக்கும், மேல க்யூஆர் கோடும் இருக்கும்.

எலெக்ஷன் அன்னிக்கு தப்பான பூத்துக்குப் போயிட்டா சாயங்காலம் 5 மணிக்கு முன்னாடி அங்க ப்ரொவிஷனல் ஓட்டு (தகுதியைச் சரிபாத்தப்புறம் எண்ற தற்காலிக ஓட்டு) போட்டாலும் எண்ண மாட்டாங்க, சரியான பூத்துக்குக் கிளம்பிருங்க.

அந்த க்யூஆர் கோடுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, அதான் பிரச்சினை. மெஷின் எண்றது கோடை, நாம படிக்கறது எழுத்தை. 2002-ல இருந்து 2019 வரைக்கும் பேப்பரே இல்லாத மெஷின் ஓடின ஸ்டேட் இது, அதோட ஒப்பிட்டா இப்ப எவ்வளவோ தேவலை, கையால எண்ணிப் பாக்கப் பேப்பராவது இருக்கு. 2024-ல போட்ட எஸ்பி 189 சட்டம், 2026 ஜூலை 1-க்கு அப்புறம் க்யூஆர் கோடை வச்சு எண்ணக்கூடாதுன்னு எழுதுச்சு. தேதியை எழுதினாங்க, மாத்து மெஷினுக்குக் காசை அந்தச் சட்டத்துல எழுதல.

கிரீன் கார்டு இருக்கு, லைசென்ஸ் எடுக்கும்போது ஓட்டர் ரெஜிஸ்டர் பண்ணட்டுமான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். சிட்டிசன் இல்லாதவங்க ஃபெடரல் எலெக்ஷன்ல ஓட்டுப் போட்டா ஜெயில், அதைவிட, சிட்டிசன்னு பொய் சொன்னதா ஆயிட்டா நாட்டைவிட்டே அனுப்பிருவாங்க. தெரியாம டிக் பண்ணிட்டேன்னு சொல்லித் தப்பிக்கறது ரொம்பக் கஷ்டம். ஃபார்ம்ல சந்தேகமா ஏதாவது இருந்தா கவுண்டர்ல "நான் சிட்டிசன் இல்ல"ன்னு வாய்விட்டுச் சொல்லிருங்க.

சிட்டிசன் இல்லாத கூட்டம் லட்சக்கணக்குல ஓட்டுப் போடுதுன்னு டிவில கத்தறாங்களே, 2024 அக்டோபர்ல ராஃபென்ஸ்பெர்கர் ஆபீஸ் 82 லட்சம் பேர் லிஸ்ட்டை அலசி எடுத்தது 20 பேரு.

சிட்டிசன் ஆயிட்டேன். ஆனா "பெண்டிங்"ன்னு லெட்டர் வருது, ஏன்?

நம்ம ஆளுங்களுக்கு நிஜமாவே பிரச்சினை வர்றது இங்கதான், எஸ்பி 202-ல கூட இல்ல. கிரீன் கார்டுல இருந்தப்ப எடுத்த லைசென்ஸ், டிரைவர் சர்வீஸ் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உங்களை "சிட்டிசன் இல்ல"ன்னே வச்சிருக்கும். நீங்க சத்தியப் பிரமாணம் எடுத்து, கொடி வாங்கி, போட்டோ போட்டு, கேக் வெட்டினதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷனை அதோட ஒப்பிட்டுப் பாத்து நிறுத்தி வச்சிருவாங்க.

இதுல பேரு வேற. அப்பா பேரு இனிஷியலா, கடைசிப் பேரா, பாஸ்போர்ட்ல ரெண்டும் சேர்ந்து ஒரே பேரா, சோஷியல் செக்யூரிட்டில நடுவுல இடைவெளியோடவா, இதுல எத்தனை குளறுபடின்னு ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரியும். 2017-ல ஜார்ஜியா சட்டமாவே போட்ட "எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம்" விதியால 2018 எலெக்ஷன் சமயத்துல சுமார் 53,000 பேர் பெண்டிங்ல கிடந்தாங்க, பெரும்பாலும் கறுப்பின மக்கள். அதுல சிட்டிசன் இல்லன்னு குறிச்சு வச்ச சுமார் 3,100 பேர் பூத்துலயே ப்ரூஃப் காட்டி ஓட்டுப் போடலாம்னு எலெக்ஷனுக்கு 4 நாள் முன்னாடி ஜட்ஜ் எலினார் ராஸ் உத்தரவு போட்டாங்க. 2019-ல பேர் பொருத்தத்தை மட்டும் தளர்த்தினாங்க, சிட்டிசன்ஷிப் பொருத்தம் அப்படியே இருக்கு.

அதனால சத்தியப் பிரமாணம் முடிஞ்ச வாரமே, பார்ட்டி வைக்கறதுக்கு முன்னாடி, நேச்சுரலைசேஷன் சர்டிஃபிகேட்டோட சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்கும் டிரைவர் சர்வீசுக்கும் போயிட்டு வந்துருங்க. முதல் தடவை ஓட்டுப் போடப் போறப்ப யூஎஸ் பாஸ்போர்ட்டையும் பைல வச்சுக்கங்க.

யாரோ ஒருத்தர் என் ஓட்டை சேலஞ்ச் பண்ண முடியுமா?

முடியும். சேலஞ்ச்னா, இவருக்கு இங்க ஓட்டு இல்லன்னு கௌண்டில புகார் குடுக்கறது. ஒரே ஆளு எத்தனை பேர் மேல வேணும்னாலும் பண்ணலாம், கணக்கே இல்லன்னு எஸ்பி 202 வெளிப்படையாவே எழுதிருச்சு. 2022-ல க்வின்னெட் கௌண்டில மட்டும் சுமார் 37,000 பேர் மேல மொத்தமா பெட்டி பெட்டியா கொண்டு வந்து இறக்கினாங்க, கௌண்டி ஆளுங்க வாரக்கணக்கா அதையே பாத்துட்டு இருந்து கடைசில பெரும்பாலும் தள்ளுபடி. அந்த 2024 எஸ்பி 189 சட்டம், எலெக்ஷனுக்கு முந்தின 45 நாள்ல வர்ற சேலஞ்சைத் தள்ளி வைக்கச் சொல்லுது. ஊருக்கு ஆறு மாசம் போறோம்னு போஸ்ட் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்தி வச்சிட்டுப் போறவங்க, வெளி ஸ்டேட்ல படிக்கற பசங்க, இவங்க பேருதான் இந்த மாதிரி லிஸ்ட்ல சிக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்டோட 'மை வோட்டர் பேஜ்'ல போய் "ஆக்டிவ்"ன்னு இருக்கான்னு பாருங்க.

2024-ல ஏதோ கையால எண்ணணும்னு சொன்னாங்களே?

எஸ்பி 202 தலைவரை மாத்துச்சே, அதே ஸ்டேட் எலெக்ஷன் போர்டுதான். எலெக்ஷனுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 20-ல, ஒவ்வொரு பூத்துலயும் பேலட் எத்தனைன்னு மூணு பேர் கையால எண்ணணும்னு 3-க்கு 2 ஓட்டுல விதி போட்டாங்க. அக்டோபர் 15-ல ஒரு ஜட்ஜ் நிறுத்தினார், மறுநாளே இன்னொரு ஜட்ஜ் அதோட சேர்த்து 7 விதிகளைச் செல்லாதுன்னுட்டார், 2025 ஜூன்ல ஜார்ஜியா சுப்ரீம் கோர்ட்டும் இந்த எண்ற விதி செல்லாதுன்னே சொல்லிடுச்சு. சட்டம் போடறது சட்டசபை வேலை, போர்டு வேலை இல்லைங்கறதுதான் சாரம்.

கடைசியில இந்தச் சட்டத்தால ஓட்டுப் போடறது குறைஞ்சுதா?

பைடன் இதைப் பழைய நிறவெறிச் சட்டத்தோட ஒப்பிட்டார், பேஸ்பால் லீக் 2021 ஆல் ஸ்டார் மேட்சை அட்லாண்டாவுல இருந்து டென்வருக்கு மாத்துச்சு. அவ்ளோ சத்தத்துக்கு அப்புறம் 2022-ல ஏர்லி வோட்டிங், ஜனாதிபதி எலெக்ஷன் இல்லாத இடைக்காலத் தேர்தலுக்கு ரெகார்டு, 2024-ல 50 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து டிரம்ப் சுமார் 1,15,000 ஓட்டுல ஜெயிச்சார். அப்ப பயந்தது எல்லாம் வீணான்னா, தபால் ஓட்டு 2020-ல 13 லட்சம் இருந்தது ரொம்பவே இறங்கிடுச்சு, கொரோனா போனதும் ஒரு காரணம்தான். மொத்தக் கணக்குல எங்க வீட்டுக் கவர் தெரியாது, லெட்டர் வந்தவங்கள்ல எத்தனை பேரு போன் பண்ணாம விட்டாங்கன்னும் தெரியாது. ஒபாமா, டிரம்ப், பைடன்னு யார் இருந்தாலும் மாறாத மத்திய அரசுன்னு நினைக்காதீங்க, மத்திய அரசோட நீதித்துறை இந்தச் சட்டத்தை எதிர்த்து 2021 ஜூன்ல போட்ட கேஸை 2025 மார்ச்சுல அதே நீதித்துறை வாபஸ் வாங்கிடுச்சு.

ரன்ஆஃப் போடறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஃபெடரல் பதவிங்களுக்கு முன்னாடி 9 வாரம் இடைவெளி, இப்ப 4 வாரம். 2022-ல யூஎஸ் செனட் சீட்டுக்கு வார்னாக், வாக்கர் மோதின ரன்ஆஃப் டிசம்பர் 6-ல வந்துச்சு, தேங்க்ஸ்கிவிங் நடுவுல மாட்டிக்கிச்சு, அந்த சனிக்கிழமை ஓட்டு உண்டா இல்லையான்னு கோர்ட்டுக்குப் போய்தான் உண்டுன்னு ஆச்சு. தபால்ல போட நினைச்சா ரிசல்ட் வந்த அன்னிக்கே அப்ளை பண்ணிருங்க.

விரல்ல மை வைப்பாங்களா?

இல்ல. எங்க அம்மா தஞ்சாவூர்ல இருந்து வந்திருந்தப்ப நான் ஓட்டுப் போட்டுட்டு வந்ததும் என் இடது கையைத்தான் புடிச்சுப் பாத்தாங்க, "மை எங்கடா? ரெண்டாவது தடவை போட்டா எப்படிக் கண்டுபிடிப்பான்?"னு. டேப்லெட்ல பேர் ஏறினதும் வேற எங்கயும் போட முடியாதும்மான்னு சொன்னேன், நம்பல. பீச் பழம் போட்ட ஸ்டிக்கர் ஒண்ணு குடுப்பாங்க, அதைச் சட்டையில இருந்து உரிச்சு எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சாங்க, இன்னும் அங்கதான் இருக்கு.